கேர் நாய்களின் குருதிவழி

ஆங்கில மொழியிலே 'கேர்' என்றொரு சொல் உண்டு. இழிகுல நாய், கலப்பின நாய், கோழை என்றெல்லாம் அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். ஒருவனைக் கேர் என்று அழைப்பது வசையாகும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் வாழும் குடியானவனொருவன் தன் நாயைக் கேர் என்று கூறும்போது அவன் குரலிலே பெருமிதந்தான் தொனிக்கும். ஒரு சொல் ஓரிடத்தில் இழிவும் பிறிதோரிடத்திற் பெருமையுமாய் நிற்பது எவ்வாறு என்று ஆராயப் புகுந்தால், குலம், குருதி, பரம்பரை என்பன பற்றி மனிதர் கொண்ட எண்ணங்களின் வரலாறே விரியக் காணலாம்.

இச்சொல்லின் இருமை பழையது. கேம்பிரிட்ஜ் மருத்துவரான ஜோன் கையஸ் 1570 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய பிரித்தானிய நாய்களைப் பற்றிய நூல் 1576 இல் ஆங்கிலமாயிற்று. உயர்ந்தோர் வேட்டைக்குரிய நாய்களை முன்னே வைத்து, கேர்களைக் கலப்பும் கீழ்மையும் உடையனவென்று அந்நூல் இறுதியில் ஒதுக்கிற்று. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலும், கொலைக்கு அமர்த்தப்பட்டவர்களோடு அரசன் பேசுமிடத்தில் நாய்வகைகளின் பட்டியலொன்று வருகின்றது. அங்கும் கேர் கடைப்பட்ட வரிசையிலேதான் நிற்கின்றது. ஆயின் இங்கிலாந்தின் வடபகுதி உழவர் இச்சொல்லை வேறு பொருளில் வழங்கினர். நியூகாசில் நகரத்து மரச்செதுக்கோவியர் தோமஸ் பெவிக் 1790 இல் வெளியிட்ட நாற்கால் விலங்குகளின் வரலாற்றில் கேர் நாய்க்குத் தனியிடம் உண்டு. அது மாடுகளை ஓட்டும் நாய். மேய்ப்பர் நாயினும் பெரிது, வலிது, சினமிக்கது. எப்பொழுதும் குதிகாலையே கவ்வுவதால் மாடுகள் அதற்கெதிராகத் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. எருதொன்றையும் அது விரைவில் ஓடச்செய்யும் என்பன அவர் தரும் செய்திகள். இத்தகைய நாய்களிற் பல, வெட்டிவிட்டாற் போன்ற குறுவாலோடு பிறப்பன என்றும் அவர் குறித்தார். அவர் காலத்தவர் அவற்றுக்கு 'தன்வாலன' என்னும் கருத்துடையதொரு பெயரும் இட்டிருந்தனர்.

இக்குறுவாலைப் பற்றி ஒரு கதை வழங்குவதுண்டு. நாய் வரியிலிருந்து விலக்குப் பெறுதற்பொருட்டு உழவர் தம் நாய்களின் வாலைத் தறித்தனர் என்றும், தலைமுறை தலைமுறையாகத் தறித்தமையால் குட்டிகள் குறுவாலோடு பிறக்கலாயின என்றும் அக்கதை கூறும். இங்கிலாந்திலே நாய்களுக்கென வரி விதிக்கப்பட்டது 1796 இல். பெவிக்கின் நூல் அதற்கு ஆறாண்டு முந்தியது. எனவே அந்த வரியைக்கொண்டு இக்குறுவாலை விளக்குதல் பொருந்தாது. வெட்டிய வாலின் வடு குட்டிக்குச் செல்லாது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. செருமானிய அறிஞர் வைஸ்மன் பல தலைமுறை எலிகளின் வாலைத் தறித்துப் பார்த்தும், குறைந்த வாலுடைய குட்டியொன்றும் பிறக்கக் கண்டிலர். குறுவால் குருதிவழி வந்ததுதான். அதன் காரணம் மட்டும் வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே அல்ஸ்டர்ப் பகுதி ஸ்கொத்தியரும் செருமானியரும் ஆங்கிலேயரும் பென்சில்வேனியாவிலிருந்து தெற்கு நோக்கி மலைப் பள்ளத்தாக்குகள் வழியாகப் பரந்தனர். 1775 இல் டானியல் பூன் என்பான் கம்பர்லாந்துக் கணவாய்க்கூடாகப் பாதை வெட்டியபின் கென்டக்கிக்கும் தெனசிக்கும் மக்கள் பெருந்தொகையாகச் சென்றனர். அவர்களுடைய உடைமைகள் மிகச் சில: கோடரி, துப்பாக்கி, விதைத் தானியம், பன்றி, மாடு, நாய். இந்நாய் செய்யவேண்டிய வேலைகளோ பல. காட்டிலே கட்டற்று மேயும் பன்றிகளையும் மாடுகளையும் தேடிக் கண்டுபிடித்து, வளைத்துநின்று குரைத்து, உடையவன் வரும்வரை அவற்றை நிறுத்திவைத்தல் வேண்டும். அணிலையும் ரக்கூனையும் மரத்தில் ஏற்றிவிட்டு அம்மரத்தடியில் நின்று குரல்கொடுத்தல் வேண்டும். இரவில் வீட்டைக் காத்தல் வேண்டும். இவையனைத்துக்கும் ஒரு நாயே உண்டு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நாய் வளர்த்து உணவிடும் வசதி செல்வர்க்கே உரியதாயிற்று.

அச்செல்வர் கடலோரச் சமவெளிகளில் வாழ்ந்தனர். ஜோர்ஜ் வாஷிங்டன் தம் வேட்டை நாய்களின் பெயர்களை நாட்குறிப்பிலே பதிந்துவைத்தார். பிரான்சிலிருந்து லபாயெற் பிரபு 1785 இல் அவருக்கு ஹவுண்டு நாய்களை அனுப்பியதும் வரலாற்றில் உண்டு. ஹவுண்டு நாய் மோப்பம் பிடித்தவுடன் குரலெழுப்பி, வழிநெடுகக் குரைத்துக்கொண்டே ஓடும். அக்குரலைக் கேட்டு மகிழ்வதே வேட்டைக்குச் செல்லும் பெருமக்களின் நோக்கம். அதனை அவர்கள் இன்னிசை என்றே போற்றினர். மலைநாட்டானுக்கு இசை வேண்டியதில்லை. சட்டியில் இறைச்சி வேண்டும். வழிநெடுகக் குரைத்தால் இரை விழித்துக்கொண்டு தொலைவுக்கு ஓடிவிடும். ஆகவே கேர் நாய்களுட் பெரும்பாலானவை மோப்பத்தைத் தொடரும்பொழுது வாயடக்கி ஓடி, இரை மரமேறியபின்னரே குரலெடுப்பன. குரைக்குங் காலமும் குரைக்காக் காலமும் அறிந்திருத்தலாகிய இவ்வியல்பு பயிற்சியினால் மட்டும் வந்ததன்று. ஒரு நாய்க்கூட்டத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் குருதிவழி அடையாளமாகவும் அது நின்றது. உடையவனின் வறுமை நாயின் இயல்பிலே பதிந்துவிட்டதென்று கூறினும் மிகையாகாது.

அவ்வியல்பு பதிந்த முறை மென்மையானதன்று. அக்காலத்து மலைவாசிகள் வமிசப் பதிவேடு வைத்திருந்தாரல்லர். வேலை செய்யும் நாயை வைத்திருந்தனர். வேலை செய்யாத நாயைக் கொன்றனர். குறுக்கு மலைக்கப்பால் உறவினனொருவனிடம் நல்ல நாய் இருப்பின் தன் பெட்டை நாயை அங்கே கொண்டுசென்றனர். பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று தொலைவாயிருந்தமையால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் வெவ்வேறு வழிகள் தோன்றின. இன்றும் சில வகைகள் குடும்பப் பெயராலேயே அறியப்படுகின்றன. தென் மிசிசிப்பியில் லட்னர் வழியும், தென்கிழக்குக் கென்டக்கியில் ஸ்டீவன்ஸ் வழியும் அவ்வாறானவை. ரெக்சாஸ் மாநிலத்திலே, கென்டக்கியிலிருந்து 1858 இற் குடிபெயர்ந்த லேசி சகோதரர்களின் பெயரால் ஒரு வகை நிலைத்து, 2005 இல் அம்மாநிலத்தின் நாய் என்னும் சிறப்பும் பெற்றது. முகவாயைச் சுற்றிக் கருமையுடையது கருவாய்க் கேர். பல நிறம் விரவிய புள்ளித்தோலும் சிலவேளை கண்ணாடிபோன்ற வெளிர்நீலக் கண்களும் உடையது லூசியானாவின் கட்டகூலா.

கட்டகூலா நாய்க்குத்தான் குலக்கதைகள் மிகுதி. ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ 1539 இல் புளோரிடாவில் இறங்கிப் போர்நாய்களோடு உள்நாடு புகுந்தான். 1542 இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மாண்டான். அவனுடைய நாய்கள் ஆதிக்குடிகளின் நாய்களோடும் சிவப்பு ஓநாய்களோடும் கலந்தன. பின்னர்ப் பிரெஞ்சுக் குடியேறிகளின் மேய்ப்பர் நாயும் சேர்ந்தது. அவ்வாறு பிறந்ததே கட்டகூலா என்பது கதை. டி சோட்டோ நாய்களைக் கொண்டுசென்றதும் மக்கள்மேல் ஏவியதும் உண்மையே. உடன்சென்றோர் எழுதிய குறிப்புகள் அதனைச் சொல்லும். ஆயினும் லூசியானாவிலே பிரெஞ்சுக் குடியேற்றம் தொடங்கியது 1699 இல். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளில் அந்நாய்களின் வழித்தோன்றல்கள் எங்கே எவரிடத்தில் இருந்தன என்பதற்குச் சான்று யாதும் காட்டப்படவில்லை. கதையின் மற்றொரு கால் 2018 இல் முறிந்தது. வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் அகழ்ந்தெடுத்த பழைய நாயெலும்புகளின் மரபணுப் பொருளை ஆராய்ந்த அறிஞர் குழு, ஐரோப்பியர் வருகைக்கு முன் அக்கண்டத்தில் வாழ்ந்த நாய்கள் அவ்வருகையின்பின் ஏறக்குறைய முற்றாக மறைந்தன என்றும், இக்கால அமெரிக்க நாய்களில் அவற்றின் குருதி மிக அரிதென்றும் அவ்வாண்டு வெளியிட்டது. அப்பழைய நாய்க்குலத்துக்கு இன்று மிக நெருங்கிய உறவாய் எஞ்சியிருப்பது ஒரு நாயன்று. புணர்ச்சியால் நாய்க்கு நாய் தொற்றுவதொரு புற்றுநோயின் கலங்களே! ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்ட நாயொன்றின் உடற்கலங்கள் உலகெங்கும் இவ்வாறு உயிர்வாழ்கின்றன. குலக்கதைகளினும் விந்தையான உண்மைகள் உண்டென்பதற்கு இஃதொரு சான்று.

இனிக் குருதி என்பதன் பொருளை நோக்குவோம். நாயினங்களின் இயல்பூக்கங்கள் பரம்பரையாக வருவன என்பதைச் சார்ல்ஸ் டார்வின் 1859 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். புல்டோக் வகையைக் கலந்ததனால் கிரேஹவுண்டு நாய்களுக்குப் பல தலைமுறை வரை துணிவும் பிடிவாதமும் வந்தன. கிரேஹவுண்டைக் கலந்ததனால் மேய்ப்பர் நாய்க் குடும்பமொன்று முழுவதற்கும் முயல் வேட்டையில் நாட்டம் உண்டாயிற்று. இவை அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் அதனை எண்ணாற் கணிக்க முயன்றார். பாசெற் வகை வேட்டை நாய்களின் நிறம்பற்றிய வமிசப் பதிவுகளைக்கொண்டு 1897 இல் அவர் ஒரு விதி வகுத்தார். பெற்றோர் இருவரும் சேர்ந்து குட்டிக்கு அரைப்பங்கும், பாட்டன் பாட்டியர் நால்வரும் கால்பங்கும், அதற்கு முந்தியோர் அரைக்கால்பங்கும் தருவர் என்பது அவ்விதி. நாய் வளர்ப்போர் இன்றும் 'கால்பங்கு குருதி', 'அரைக்கால் குருதி' என்று பேசுவது இதன் எதிரொலியே.

ஆனால் குருதி பால்போலக் கலப்பதன்று. மெண்டல் 1866 இல் வெளியிட்டு எவராலும் கவனிக்கப்படாது கிடந்து, 1900 இல் மீளக் கண்டெடுக்கப்பட்ட ஆய்வு, பரம்பரைப் பண்புகள் தனித்தனி அலகுகளாகச் செல்வன என்று காட்டிற்று. குட்டி தன் பரம்பரையலகுகளில் சரிபாதியைத் தாயிடமும் சரிபாதியைத் தந்தையிடமும் பெறும். பாட்டன் ஒருவனிடமிருந்து வருவதோ சராசரியாகத்தான் கால்பங்கு. ஒரு குட்டிக்குச் சற்று மிகும், அதன் உடன்பிறப்புக்குச் சற்றுக் குறையும். பத்துத் தலைமுறைக்கு முன் வாழ்ந்த மூதாதையர் 1,024 பேர். அவர்களுள் ஒரு நாய் எத்துணைப் புகழ் வாய்ந்ததாயினும் அதன் பங்கு சராசரியாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனிடமிருந்து ஒன்றுமே வராதிருத்தலுங் கூடும். மலைநாட்டுக் கிழவனொருவன் தன் கொள்ளுப்பாட்டனின் நாயைச் சொல்லித் தன் நாயைப் புகழ்வானாயின், அது வரலாற்றறிவே அன்றிக் குருதியறிவு அன்று. அந்த நாயின் பெயர் மீண்டும் மீண்டும் இருபுறமும் வருமாறு நெருங்கிய உறவுக்குள் இணைத்தாலன்றி அதன் பங்கு நிலைக்காது. அவ்வாறு இணைப்பதற்கு விலையுண்டு. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியில் நான்கிலொரு பங்கு பரம்பரையலகுச் சோடிகள் ஒரே மூதாதையின் இரட்டைப் பிரதிகளாகும் என்று சீவால் ரைற் 1922 இல் வகுத்த கணக்குக் கூறும். அவர் ஆராய்ந்த கினியெலிக் குடும்பங்கள் உடன்பிறப்புக் கலப்பினால் ஈற்றுத்தொகையிலும் வலிமையிலும் குன்றின.

இங்கே கட்டுரையின் போக்கு நாயைவிட்டு மனிதனிடம் திரும்ப நேர்கின்றது. அத்திருப்பம் ஆய்வாளர் வலிந்து செய்வதன்று. வரலாறே அவ்வாறு திரும்பிற்று. கால்நடையும் பயிரும் பெருக்குவோர் 1903 இல் அமெரிக்க இனவிருத்தியாளர் சங்கத்தை நிறுவினர். மூன்றாண்டில் அச்சங்கம் மனிதக் குலமேம்பாட்டை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 'நற்குருதி', 'தீக்குருதி' என்னுஞ் சொற்கள் தொழுவத்திலிருந்து சட்டசபைக்குச் சென்றன. லியன் விட்னி என்பவர் நாய்களைக் கலப்புச்செய்து பரம்பரை இயல்புகளை ஆராய்ந்து நாய் வளர்ப்போர் விரும்பிப் படிக்கும் நூல்களை எழுதியவர். அவரே அமெரிக்கக் குலமேம்பாட்டுச் சங்கத்தின் செயலாளராயிருந்து, மனிதரை மலடாக்குதலை ஆதரித்து 1934 இல் ஒரு நூலும் எழுதினார். ஹரி லோக்லின் என்பவர் மலடாக்கும் சட்டத்துக்கு மாதிரி வரைந்து 1922 இல் வெளியிட்டார். பந்தயக் குதிரைகளின் ஓட்டத்திறன் பரம்பரையாக வருமாற்றையும் அவர் ஆராய்ந்தார். குதிரையைக் கடிகாரத்தைக்கொண்டாவது அளந்தார். கேரி பக் என்னும் பெண்ணையோ அவர் நேரிற் காணாமலே 'தீக்குருதி' என்று சாட்சியம் எழுதிக்கொடுத்தார்.

கேரி பக் வேர்ஜீனியாவைச் சேர்ந்த வறிய பெண். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினனொருவனாற் கெடுக்கப்பட்டுக் குழந்தை பெற்றாள். மந்தபுத்தியுடையவள் என்று கூறி அவளை அரசினர் இல்லமொன்றில் அடைத்தனர். அவளுடைய தாயும் அங்கேயே இருந்தாள். கைக்குழந்தையையும் நோக்கி, மூன்று தலைமுறையும் ஒருபடித்தானவை என்று வாதிடப்பட்டது. 1924 இன் வேர்ஜீனியாச் சட்டம் செல்லுமென்று நாட்டின் உயர் நீதிமன்றம் 1927 மே மாதத்தில் ஒருவர் நீங்க எண்மர் கூடித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே அவள் மலடாக்கப்பட்டாள். அச்சட்டத்தின்கீழ் வேர்ஜீனியாவில் 7,000 பேருக்கு மேல் மலடாக்கப்பட்டனர். மலைநாட்டு வறியோரும் அவர்களுள் அடங்குவர். நாய்க்குக் கேர் என்று பெயரிட்டவர்களின் பார்வையில் நாயின் உடையவனும் அதே வரிசையில் வைத்து எண்ணப்பட்டான். தீர்ப்பின்போது மூன்று வயதுகொண்டிருந்த கேரியின் மகள் விவியன், பின்னர்ப் பாடசாலை சென்று 1931 இலே சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். அடுத்த ஆண்டு எட்டு வயதில் நோயினால் இறந்தாள். குருதியைப் பற்றி மூத்தோர் சொன்னது பொய்யென்று காட்டிய அந்தப் பாடசாலைப் பதிவு, எவர் கண்ணுக்கும் படாது அரை நூற்றாண்டு கிடந்தது.

நாய்களுக்கு வந்த கேடு வேறுவகையானது. நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904 அளவில் நியூயோர்க்கில் முதன்முதற் காணப்பட்ட பூஞ்சண நோயொன்று தெற்கே பரந்து, அப்பலாச்சியக் காடுகளின் கஷ்கொட்டை மரங்களை நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய அழித்தது. உதிர்ந்த கஷ்கொட்டைகளை உண்டு கொழுத்த பன்றிகள் அதன்பின் காட்டில் வாழ்தல் அரிதாயிற்று. கால்நடையைக் கட்டற்று மேயவிடலாகாது என்னும் வேலிச் சட்டங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் வந்தன. புளோரிடாவில் 1949 இல் அச்சட்டம் நிறைவேறிற்று. தென்பகுதிகளில் கேர் நாய்க்கு இன்னொரு பெருந்தொழில் இருந்தது. ஒருவகை ஈ கால்நடையின் புண்ணில் முட்டையிட, அதன் புழுக்கள் உயிர்த்தசையைத் தின்று விலங்கைக் கொல்லும். கன்று ஈன்ற பசுவையும் கொப்பூழ்ப் புண்ணுடைய கன்றையும் காட்டிலிருந்து நாய்களைக்கொண்டு பிடித்து மருந்திடுதல் இன்றியமையாததாயிருந்தது. மலட்டு ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து விடுத்து, 1959 இலே தென்கிழக்கு மாநிலங்களில் அவ்வீயை ஒழித்தனர். கால்நடை பிழைத்தது, நாயின் வேலை போயிற்று. அதற்கு முன்னரே, இரண்டாம் உலகப்போரின்பின் மலைவாசிகள் பெருந்தொகையாய் வடக்கின் தொழிற்சாலை நகரங்களுக்குச் சென்றனர். அடுக்குமாடி வீட்டில் மாட்டு நாய்க்கு இடமேது?

எஞ்சிய மலைக் கேர்களைத் திரட்டுதற்குக் கென்டக்கி, வேர்ஜீனியா, தெனசி மாநிலங்களைச் சேர்ந்த நால்வர் 1957 இல் ஒரு சங்கம் அமைத்தனர். அதுவரை எழுதப்படாத வமிசம் எழுதப்படலாயிற்று. ஸ்டீவன்ஸ் வழி 1970 இல் தனிவகையாகக் கொள்ளப்பட்டது. 1979 இல் கட்டகூலா லூசியானா மாநிலத்தின் நாயாயிற்று. 1898 இல் நிறுவப்பட்ட ஐக்கிய நாய்ச் சங்கம் 1995 இல் கட்டகூலாவையும் 1998 இல் மலைக் கேரையும் கருவாய்க் கேரையும் தன் ஏட்டில் ஏற்றது. ஏட்டில் ஏறுதலோடு ஒரு புதிய இடரும் வந்தது. வேலையைக்கொண்டு தேர்ந்தவரைக்கும் நிறமும் காதின் மடிப்பும் எவ்வாறாயினும் பொருட்டன்று. ஏட்டின் வருணனை எழுதப்பட்டபின்னரோ, கண்காட்சிக் களத்தில் நிற்கும் வடிவமே நாயை மதிக்கும் அளவுகோலாதல் கூடும். எனவே வேலைக்கென நாய் வளர்ப்போர் சிலர் பதிவேடுகளை ஐயத்தோடு நோக்கினர். அவர்களின் ஐயம் காரணமற்றதென்று சொல்வதற்கில்லை.

குருதிவழியின் உட்பொறிகள் சில அண்மைக் காலத்தில் வெளிப்பட்டன. குறுவாலுக்குக் காரணம் 'டி' என்னும் பரம்பரையலகின் விகாரமொன்று. இவ்வலகு முதலில் எலிகளில், 1927 இல், பாரிசில் ஆராய்ச்சி செய்த உருசியப் பெண்மணியொருவராற் கண்டறியப்பட்டது. நாயில் அதன் விகாரம் 2001 இல் வெல்சு நாட்டுக் கோர்கி வகையிலே காணப்பட்டது. 2009 இல் வெளிவந்த ஆய்வு, அதே விகாரம் பதினேழு நாய்வகைகளில் இருத்தலைக் காட்டியது. குறுவாலுடைய எல்லா வகைகளிலும் அஃது இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிபு. இவ்விகாரம் ஆட்சியுடையது: ஒரு பிரதி இருந்தால் வால் குறுகும், இரு பிரதிகள் கூடினால் குட்டி கருவிலேயே அழியும். ஆதலின் குறுவாலன் இரண்டை இணைத்தால் ஈற்றில் நான்கிலொன்று இழக்கப்படுதல் வேண்டும். சுவீடன் நாட்டு வல்ஹுண்டு நாய்களில் அவ்வாறான ஈறுகள் நூற்றுக்கு 29 பங்கு சிறுத்திருந்தமை அறியப்பட்டது. ஆகவே பெவிக் கண்ட தன்வாலன் கூட்டத்தில் நெடுவாலனும் என்றென்றும் பிறந்துகொண்டே இருந்திருக்கும். குறுவாலையே தூய்மையின் அடையாளமாகக்கொண்டு தூய குறுவாற் குலமொன்றை இவ்விகாரத்தின் வழியாக ஆக்கவேண்டுமென்று எவராவது முயன்றால், அஃது இயற்கையில் நிறைவேறாத முயற்சி.

கட்டகூலாவின் புள்ளித்தோலும் அவ்வாறே. அதற்குரிய விகாரம் 2006 இல் கண்டறியப்பட்டது. ஒரு பிரதி புள்ளியையும் சிலவேளை கண்ணாடிக் கண்ணையும் தரும். இரு பிரதிகள் நிறத்தை மேலும் வெளுக்கச்செய்து காதையும் கண்ணையும் தாக்குதல் உண்டு. பல வகைகளைச் சேர்ந்த 153 நாய்களைச் சோதித்து 2009 இல் வெளியான ஆய்வில், ஒரு பிரதியுடையவற்றுள் இரு காதும் செவிடானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இரு பிரதியுடையவற்றுள் நூற்றுக்கு 15. உட்காதில் நிறக்கலங்கள் இல்லாவிடின் கேட்டற்கலங்கள் சிதைவதே இதன் காரணம். அழகென்று போற்றிய இரு நாய்களைக் கூட்டியவன், அழைத்தாற் கேளாத நாயைப் பெறுகிறான். மலைக்காட்டிலே உடையவன் குரல் கேளாத நாய் எத்துணை நாள் வாழும்?

வால், நிறம் என்பன ஓரலகின் விளைவுகள். இயல்பு அத்துணை எளிதன்று. மேயின் மாநிலத்து ஜக்சன் ஆய்வுகூடத்தில் ஸ்கொற், புல்லர் என்னும் இருவர் ஐந்து வகை நாய்களை ஒரே சூழலில் நெடுங்காலம் வளர்த்து ஆராய்ந்த முடிபுகள் 1965 இல் நூலாயின. நாய்வகைகள் அச்சம், சினம், குரைப்பு என்பவற்றில் வேறுபட்டன. ஆயின் எல்லாச் சோதனையிலும் மேம்பட்ட வகை என்று ஒன்றும் இல்லை. பிறந்து மூன்றாம் வாரமுதற் பன்னிரண்டாம் வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டி, எக்குலத்திற் பிறந்ததாயினும், பின்னர்ப் பழகுதல் அரிதென்பதும் அவர்கள் கண்டது. 2022 இல் வெளியான பெரியதோர் ஆய்விலே 18,385 நாய்களைப் பற்றி உடையவர்கள் வினாக்களுக்கு விடையளித்தனர். 2,155 நாய்களின் மரபணுத் தொடர் படிக்கப்பட்டது. தனிநாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் நூற்றுக்கு 9 பங்கைத்தான் இனப்பெயர் விளக்கிற்று. ஏவலுக்கு இணங்கும் இயல்பிலேதான் இனவேறுபாடு ஒப்பளவில் மிகுந்து நின்றது. அவ்வாய்வின் நாய்கள் பெரும்பாலும் வீட்டு நாய்கள். வேலையைக்கொண்டே தேர்ந்த குடும்ப வழிகளுக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும் ஒரே ஈற்றுக் குட்டிகளுள் ஒன்று மரத்தடியில் விடியுமட்டும் நிற்பதையும் மற்றொன்று அடுப்படியை விட்டு நகராதிருப்பதையும் கண்ட மலைவாசிக்கு இம்முடிபு புதிதாயிராது.

எல்லைப்புற மேய்ப்பர் நாய்களின் வரலாறு இங்கே ஒப்புநோக்கற்பாலது. நொதம்பர்லாந்தில் 1893 இற் பிறந்த 'ஹெம்ப்' என்னும் ஆண்நாய் இருநூறுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாகி, இன்றைய போடர் கொலி வகையின் மூதாதையாய் எண்ணப்படுகின்றது. ஒரு தந்தையின் வழி அவ்வளவு பரவினால் அதன் நன்மையோடு மறைந்துள்ள குறையும் பரவும்; ஆதலாற் கண்நோய்களுக்குச் சோதனை வைக்க வேண்டியதாயிற்று. 1906 இல் நிறுவப்பட்ட அனைத்துலக மேய்ப்பர் நாய்க் கழகமோ தன் ஏட்டின் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. ஏட்டில் இல்லாத பெற்றோருக்குப் பிறந்த நாயொன்று போட்டிக் களங்களில் ஆடு திரட்டித் தன் திறமையை நாட்டி, கண்சோதனையிலும் தேறுமாயின், தகுதியாற் பதியப்படும் என்பது அக்கழகத்தின் விதி. அதன் தந்தை யார் என்னும் கட்டம் ஏட்டில் வெறுமையாயிருப்பினும், அதற்குப் பிறக்கும் குட்டிகளின் வமிசம் அந்நாயின் பெயரோடு தொடங்கும்.